யார் கையை யார் பிடிப்பது? சக்கரம் ஏறிய கால்களின் வரலாறு

1

பொங்கல் லீவுக்கு வந்திருந்த அக்கா மகள் போனைக் கொண்டாந்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாள். "மாமா, இதப் பாரேன்."

ஒரு சிமெண்டுச் சரிவு. நாலு சின்னச் சக்கரம் வைத்த பலகை. பலகை மேல் ஒரு பொடியன், வெறுங்காலோடு நிற்கிறான். எதிரில் ஒரு இளம்பெண். அவன் இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து நடந்து அவனை உருட்டிக்கொண்டு வருகிறாள். அவன் கத்துகிறான், சிரிக்கிறான். அவள் கையை விடவில்லை. மத்தியப் பிரதேசம் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்கிற கிராமமாம். கற்றுத்தருகிறவள் அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்.

"அந்தப் பையன் என்ன ஆளுங்க மாமா?" என்று கேட்டாள். பத்து வயசுப் பெண்ணுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்திருக்கிறது. பெண்ணாடத்துப் பக்கம் பிறந்தால் பத்து வயசு வரைக்கும் அது தெரியாமல் இருக்க முடியாது. "பாத்தாத் தெரியலியே" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள்: "நானும் இதக் கத்துக்கிட்டு, சொல்லித் தர்ற வேலைக்குப் போனா, நம்மகிட்ட வந்து கை குடுப்பாங்களா?"

அதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. பதில் தேடிப் போனதில் எழுதியதுதான் இது. விளையாட்டைப் பற்றிய கட்டுரை மாதிரித் தெரியும். ஆனால் இந்த நாட்டில் காலைப் பற்றியும் கையைப் பற்றியும் தெருவைப் பற்றியும் எழுதினால் அது சாதியைப் பற்றி எழுதியதாகத்தான் முடியும்.

2

பெண்ணாடம் என்றால் சைவர்களுக்குத் திருத்தூங்கானைமாடம். அப்பர் தன் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்கக் கேட்டுப் பெற்ற இடம் என்று கொண்டாடுவார்கள். அறுபத்து மூவரில் ஒருவரான கலிக்கம்ப நாயனாரும் இந்த ஊர்க்காரர், வணிகர். பெரியபுராணம் அவர் கதையைச் சொல்கிறது.

அடியார்களை அழைத்துவந்து, கால் கழுவி, சோறு போடுவது அவர் வழக்கம். மனைவி செம்பில் தண்ணீர் வார்க்க வேண்டும், அவர் கழுவுவார். ஒருநாள் வந்த அடியார்களில் ஒருவன் முன்பு அவர் வீட்டில் ஏவல் செய்தவன், வேலையை விட்டுப் போனவன். இப்போது சிவனடியார் வேடத்தில் வந்திருக்கிறான். 'நம்ம வீட்டு வேலைக்காரன் அல்லவா இவன்' என்று மனைவியின் கை ஒரு கணம் தயங்கியது. நாயனார் செம்பைப் பிடுங்கினார், மனைவியின் கையை வெட்டினார், தானே தண்ணீர் வார்த்துக் காலைக் கழுவினார்.

பக்தியின் உச்சம், சாதி பார்க்காத சமத்துவம் என்று இதற்கு உரை சொல்வார்கள். நாம் வேறு மாதிரிக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்காரன் வேடம் போடாமல், பழைய வேட்டியோடு வந்திருந்தால் அவன் காலுக்குத் தண்ணீர் கிடைத்திருக்குமா? மரியாதை காலுக்கா, நீறுக்கா? இரண்டாவது கேள்வி: சமத்துவம் வந்ததாகச் சொல்லப்பட்ட அந்த நிமிசத்தில் வெட்டுப்பட்டது யார் கை? ஒரு பெண்ணின் கை. தயங்கிய கைக்கு வெட்டு. ஏன் தயங்கியது, யார் அதற்குத் தயங்கச் சொல்லிக் கொடுத்தார்கள் என்ற விசாரணை கிடையாது.

வேலைக்காரனின் கால், தயங்கும் கை. எங்க ஊர்ப் புராணத்திலிருக்கிற இந்த இரண்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு சக்கரத்துக்கு வருவோம்.

3

தெருவில் நடக்கவே உரிமை இல்லாதவன் சக்கரத்தில் போவது இரட்டைக் குற்றம். சக்கரத்தில் ஏறினால் உயரம் வருகிறது, வேகம் வருகிறது. எதிரே வருகிறவனைக் கண்டு ஒதுங்கி நிற்க முடியாது. அதனால்தான் சாதி எப்போதும் சக்கரத்தைக் கண்காணித்தது.

1893இல் திருவிதாங்கூரில், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்து வெங்ஙானூரில், புலையர் வகுப்பைச் சேர்ந்த அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். வெள்ளை வேட்டி உடுத்தி, தலைப்பாகை கட்டி, புலையருக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் வண்டியை விட்டார். மனுப் போடவில்லை, அனுமதி கேட்கவில்லை. அடிக்க வந்தவர்களை எதிர்த்து நின்றார். நமது பொதுச்சாலைப் போராட்டம் இப்படிச் சக்கரத்தின் மேல்தான் தொடங்கியது. வைக்கம் அதற்கு 31 வருசம் கழித்து, 1924இல் வருகிறது.

1901இல் மசூர் ரயில் நிலையத்தில் ஒன்பது வயதுச் சிறுவன் அம்பேத்கர் அண்ணனோடும் அக்கா பிள்ளையோடும் இறங்குகிறார். கோரேகாவில் வேலையிலிருந்த அப்பாவைப் பார்க்கப் போகவேண்டும். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரனும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருவன் ஒத்துக்கொண்டான். நிபந்தனை: வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், அவன் கூட நடந்து வருவான்.

1929இல் இதே கதை இன்னும் மோசமாகத் திரும்ப நடந்தது. அப்போது அம்பேத்கர் பாரிஸ்டர், பம்பாய் அரசு அமைத்த விசாரணைக் குழுவின் உறுப்பினர். சாலிஸ்காவில் அவரை மகார்வாடாவுக்கு அழைத்துப்போக எந்தக் குதிரைவண்டிக்காரனும் வரவில்லை. ஜனங்கள் தங்கள் தலைவரை நடக்கவைக்க மனமில்லாமல் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமே இல்லாத தங்களில் ஒருவரை ஓட்டவைத்தார்கள். ஆற்றுப் பாலத்தில் சக்கரம் கல்லில் சிக்கியது. அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார். கால் முறிந்தது. இந்த இரண்டையும் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

இதைப் படிக்கிறவர்கள் வண்டிக்காரனின் திமிரைத்தான் பேசுவார்கள். பேசவேண்டியதுதான். ஆனால் இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஓட்டத் தெரிந்தவன் ஓட்ட மாட்டேன் என்கிறான், ஓட்ட வந்தவனுக்கு ஓட்டத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? யாரும் சொல்லித் தரவில்லை. நமக்குச் சாலை மறுக்கப்பட்டதைப் பேசுகிற அளவுக்கு, நமக்குப் பயிற்சி மறுக்கப்பட்டதைப் பேசுவதில்லை. அம்பேத்கரின் கால் முறிந்ததற்கு அந்த மறுப்பும் காரணம்.

தமிழ்நாட்டில் இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம் எதையும் பயன்படுத்த எந்த வகுப்பாருக்கும் தடையில்லை என்று அரசு அறிவித்தது. பிறகு அரசியல் சட்டத்தின் 15ஆவது, 17ஆவது பிரிவுகள், 1955ஆம் வருசத்துச் சட்டம், 1989ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இத்தனைக்கும் பிறகு, 2015இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு வரியைத் தனியாகச் சேர்க்கவேண்டி வந்தது. பொது இடத்தில் தலித்துகளும் பழங்குடிகளும் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்பு அணிவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பது குற்றம். 2016 சனவரி 26இல் இது அமலுக்கு வந்தது. சைக்கிள் என்று பெயர் சொல்லிச் சட்டம் எழுதவேண்டிய நிலையில் நாடு இருந்தது என்று இதற்கு அர்த்தம்.

எங்க அப்பா கரும்பு வெட்டப் போகும்போது வாடகை சைக்கிளில் போவார். ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போய், அந்தக் கோடியில் மறுபடி ஏறிக்கொள்வார். "ஏம்ப்பா எறங்குற?" என்று கேட்டால் "செயின் லூசா இருக்குடா" என்பார். வருசக்கணக்கில் அந்தச் செயின் லூசாகவே இருந்தது. பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளில் வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காகத்தான் வெட்டினார்கள் என்று குடும்பத்தார் புகார் சொன்னார்கள். மறுபடியும் கை.

4

பயிற்சி என்று சொன்னேன். அதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஆதரவாக நின்றார். கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆம்பளை சைக்கிளில் ஏறினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

அதில் நாம் கவனிக்கவேண்டியது, கற்றவளே அடுத்தவளுக்குக் கற்றுத்தந்தாள் என்பதுதான். சைக்கிள் பழகும்போது சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி ஓடிவர வேண்டும். விழுகிறவளைத் தாங்க வேண்டும். தொடாமல் சைக்கிள் சொல்லித்தர முடியாது. எழுத்தைத் தொடாமல் சொல்லித் தந்துவிடலாம். திண்ணைக்குக் கீழே தள்ளி உட்காரவைத்துச் சொல்லித்தந்த வாத்தியார்களை நம் அப்பன்மார் பார்த்திருக்கிறார்கள். சக்கரத்தை அப்படிச் சொல்லித்தர வழியில்லை.

5

இனி அந்தச் சின்னச் சக்கரத்துக்கு வரலாம். ஸ்கேட்போர்டு அமெரிக்காவில், கலிபோர்னியாக் கடற்கரையில் பிறந்தது. அலைமேல் பலகை ஓட்டுகிறவர்கள் அலை இல்லாத நாளில் தரையில் ஓட்டுவதற்கு, பலகையின் அடியில் ரோலர் ஸ்கேட் சக்கரத்தைப் பொருத்திக்கொண்டார்கள். முதலில் இரும்புச் சக்கரம். 1960களில் களிமண் கலந்த கலவையில் செய்த சக்கரம். விருத்தாசலத்துப் பீங்கானைப் பார்த்து வளர்ந்த நமக்கு மண்ணின் குணம் தெரியும். வழுக்கும், தேயும், உடையும். சின்னக் கல் தட்டினாலும் பலகை நின்றுவிடும், மேலே இருந்தவன் பறப்பான். அடிபடுகிறார்கள் என்று சொல்லி 1965 வாக்கில் பல நகரங்கள் தெருவில் ஓட்டத் தடைபோட்டன. 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்பவர் யூரித்தேன் சக்கரத்தைக் கொண்டுவந்த பிறகுதான் தரையைப் பற்றி ஓடும் பலகை கிடைத்தது.

1976, 77இல் கலிபோர்னியாவில் பஞ்சம் போல வறட்சி. பணக்காரர்கள் வீட்டு நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. ஏழைப் பேட்டைப் பிள்ளைகள் சுவரேறிக் குதித்து அந்தக் காலிக் குளத்தின் சரிவுகளில் ஓட்டினார்கள். இன்றைய ஸ்கேட் மைதானங்களின் கிண்ணப் பள்ளங்களுக்கு அந்தக் குளங்கள்தான் மாதிரி. அடுத்தவன் இடத்தில் அத்துமீறி நுழைந்ததில் வளர்ந்த ஆட்டம் இது. நார்வே நாடு 1978 முதல் 1989 வரை ஸ்கேட்போர்டையே தடை செய்திருந்தது. அதே ஆட்டம் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஏறியது. பெண்கள் தெருப் பிரிவில் தங்கம் வாங்கியவளுக்கும் வெள்ளி வாங்கியவளுக்கும் வயது 13.

நமக்கு அதைவிட முக்கியம் காபூல். 2007இல் ஆலிவர் பெர்க்கோவிச் என்கிற ஆஸ்திரேலியர் அங்கே பலகையோடு போனார். ஆப்கன் பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓட்டக்கூடாது, பட்டம் விடக்கூடாது. ஸ்கேட்போர்டு? அது என்னவென்றே யாருக்கும் தெரியாது, அதனால் அதற்கு விதி எழுதப்படவில்லை. அந்த இடைவெளி வழியாகச் சிறுமிகள் உள்ளே வந்தார்கள். அப்படி வளர்ந்த 'ஸ்கேட்டிஸ்தான்' பள்ளியில் படிப்போடு பலகையும் கற்றுத்தந்தார்கள், உள்ளூர்ப் பெண்களே பயிற்சியாளர்கள் ஆனார்கள். 2021இல் தாலிபான் திரும்ப வந்ததும் அந்த வாசலும் மூடிப்போனது.

விதி எழுதப்படாத பொருள் என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சைக்கிளுக்கு, செருப்புக்கு, துண்டுக்கு, குதிரைக்கு எல்லாம் சாதியில் விதி உண்டு. இந்தப் பலகைக்கு மனுவும் விதி எழுதவில்லை, ஊர்ப் பஞ்சாயத்தும் எழுதவில்லை. எழுதுவதற்குள் நம் பிள்ளைகள் ஏறிவிட வேண்டும்.

6

ஜன்வாரில் நடந்தது அதுதான். புந்தேல்கண்டு வறண்ட பூமி. ஊரில் யாதவர்கள் ஒருபக்கம், கோண்டுப் பழங்குடிகள் ஒருபக்கம். 2015இல் உல்ரிக்கே ரைன்ஹார்ட் என்கிற ஜெர்மன் பெண்மணி அங்கே ஒரு ஸ்கேட் மைதானம் கட்டவைத்தார். விதி இரண்டுதான். பள்ளிக்கூடம் போகாதவருக்குப் பலகை இல்லை. பலகைக்கு வரிசை நின்றால் பெண்பிள்ளைக்கு முதலில். வேறு பிரசங்கம் கிடையாது. சாதி ஒழிப்பு என்று பலகை மாட்டியிருந்தால் முதல்நாளே ஒரு தெரு வராமல் போயிருக்கும். விளையாட்டு என்றதால் இரண்டு தெருப் பிள்ளைகளும் வந்தார்கள். செருப்பில்லாத கால்கள் என்பதால் வெறுங்கால் ஸ்கேட்டர்கள் என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது.

அவர்களில் ஒருத்தி ஆஷா கோண்ட். வீட்டிலும் ஊரிலும் எதிர்ப்பு இருந்தது. கல்யாண வயசுப் பெண் பலகையில் ஏறி ஓடலாமா என்ற பேச்சு எந்த ஊரிலும் ஒன்றுதான். 2018இல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவுக்காக இறங்கினார். அங்கே பதக்கம் வாங்கவில்லை. ஊருக்குத் திரும்பிச் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர ஆரம்பித்தார். பதக்கத்தைவிடப் பெரியது இது என்று நான் சொல்லுவேன்.

ஏன் என்றால், இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். புதுசாக வருகிற பிள்ளைக்கு எந்தக் கால் முன்கால் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பின்னாலிருந்து லேசாகத் தள்ளினால் எந்தக் கால் முன்னே பாய்கிறதோ அது. வலதாகவும் இருக்கலாம், இடதாகவும் இருக்கலாம், இதில் தப்பு சரி இல்லை. அப்புறம் புல்தரையில் ஓடாத பலகையில் நிற்கவைப்பது. முட்டியை மடக்கச் சொல்வது. அப்புறம் எதிரே நின்று இரண்டு கையையும் பிடித்து உருட்டுவது. அப்புறம் ஒரு கை. அப்புறம் ஒரு விரல். அப்புறம் ஒன்றுமில்லை. கையை எப்போது விடவேண்டும் என்று தெரிந்தவள்தான் நல்ல பயிற்சியாளர். சீக்கிரம் விட்டால் விழுந்து பயந்துபோவான், லேட்டாக விட்டால் எப்போதும் பிடிமானம் தேடுவான்.

விழுவதற்கும் பாடம் உண்டு. கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். உடம்பைத் தளர்த்தி உருண்டுவிட வேண்டும். சரிவின் உச்சியிலிருந்து முதல்முறை இறங்குவது ரொம்பக் கஷ்டம். முன்காலை ஓங்கி அழுத்தி, உடம்பைப் பள்ளத்தை நோக்கிச் சாய்க்க வேண்டும். பயந்து பின்னால் சாய்ந்தால் பலகை முன்னே போய்விடும், ஆள் பின்மண்டையில் விழுவான். அதற்குத்தான் கற்றுத்தருகிறவள் கீழே நின்று கையை நீட்டுகிறாள். மேலே நிற்கிற பிள்ளை, ஆதிக்க சாதிப் பிள்ளையாகவே இருக்கட்டும், அந்தக் கையைப் பிடிக்கலாமா என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை. தயங்கினால் விழுவான்.

கலிக்கம்பர் வீட்டில் கை தயங்கியது, வெட்டுப்பட்டது. இங்கே தயக்கத்தைத் தீர்க்கக் கத்தி தேவைப்படவில்லை. வேலைக்காரன் அடியார் வேடத்தில் வரவேண்டியதும் இல்லை. அவளுக்குத் தெரிந்த வித்தை அவள் கையில் இருக்கிறது, அவனுக்கு அது வேண்டியிருக்கிறது.

7

இதை வைத்துக்கொண்டு சாதி போய்விட்டது என்று சொல்ல நான் தயாராக இல்லை. மைதானத்தில் பிடித்த கை வீட்டுக்குப் போனதும் தண்ணீர் கொடுக்குமா, பெண் கொடுக்குமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. எங்க பகுதியில் கை பிடிப்பதற்கு என்ன விலை என்று எங்களுக்குத் தெரியும். விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003 சூலையில் முருகேசனையும் கண்ணகியையும் விஷம் கொடுத்துக் கொன்றார்கள். அவன் தலித், அவள் வன்னியர், மனம் ஒத்துக் கல்யாணம் செய்தவர்கள். கடலூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வர 2021 செப்டம்பர் ஆனது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. காபூலானாலும் ஜன்வாரானாலும் தொடக்கி வைத்தவர் வெளியிலிருந்து வந்தவர். மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்துச் சிறுமி கமலி பாவாடைக் கவுனோடு வெறுங்காலில் பலகை ஓட்டிய படம் உலகம் சுற்றியது. சாஷா ரெயின்போ எடுத்த 'கமலி' குறும்படம் 2020இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுப் பரிந்துரை வரைக்கும் போனது. 2021இல் ராஜஸ்தான் கெம்பூரைக் களமாக வைத்து 'ஸ்கேட்டர் கேர்ள்' வந்தது, படத்துக்காகக் கட்டிய மைதானம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிஞ்சியது. நல்லதுதான். ஆனால் காமிரா போன பிறகு அங்கே யார் நிற்கிறார்கள்? காலையில் மைதானத்தைக் கூட்டி, உடைந்த பலகையைச் சரிசெய்து, முப்பது பிள்ளைகளின் கையைப் பிடிக்கிறவளுக்கு மாசச் சம்பளம் உண்டா? நம் வித்தை என்று வந்துவிட்டால் அதைச் சேவை என்று சொல்லிக் கூலி கொடுக்காமல் விடுவது இந்தச் சமூகத்தின் பழைய பழக்கம். பறை அடித்தவனுக்கும் அப்படித்தான், பிரசவம் பார்த்தவளுக்கும் அப்படித்தான்.

அதனால் நம் கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் பஞ்சாயத்து நிலத்தில் விளையாட்டு மைதானம் வேண்டும். ஊருக்குள்ளே கட்டினால் நம் பிள்ளை போகாது, காலனிக்குள்ளே கட்டினால் அவன் பிள்ளை வராது. அதில் கற்றுத்தருகிற வேலை நம் பிள்ளைகளுக்கு வேண்டும், சம்பளத்தோடு வேண்டும். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து நம்மைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. பலகையும் சக்கரமும் நமக்குப் புதுசுமில்லை. டிராக்டர் ஒர்க்ஷாப்பில் கழித்துப்போட்ட பேரிங்கைப் பொறுக்கி, பலகையில் மாட்டி, பேரிங் வண்டி விட்ட பிள்ளைகள்தானே நாம்? கலிபோர்னியாக்காரன் செய்ததும் அதேதான்.

8

பொங்கல் முடிந்து நாலாம் நாள் அக்கா மகள் ஒரு பேரிங் வண்டியோடு காலனி சிமெண்டு ரோட்டில் நின்றாள். அவளே செய்தது. ஒரு காலை வைத்து நின்றாள், விழுந்தாள், முட்டி தேய்ந்தது. மறுபடி நின்றாள். சாயங்காலத்துக்குள் பத்தடி ஓட்டினாள். அவளைப் பார்த்து பக்கத்து வீட்டுக் குட்டிப் பையன் வந்து நின்றான். இவள் அவன் கையைப் பிடித்தாள்.

ரெண்டு நாள் கழித்து, மாடு ஓட்டிக்கொண்டு ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் அந்த வழியாக வந்தான். மாட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான். "நானும் ஒருவாட்டி ஏறட்டா?" என்று கேட்டான். இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. "முட்டிய மடக்கிக்க, கையக் குடு" என்றாள்.

அவன் ஒரு தரம் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தான். அப்புறம் கையைக் கொடுத்தான்.